தம்பிக்கு வைத்த இடம்

துபாய்
9.8.2002

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டிராஜ் எழுதுவது. இங்கே அடிக்கிற வெயில் நம் ஊர் வெயிலுக்கு அண்ணன். அது ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் தலைவலி எப்படி இருக்கிறது? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாளா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாளா?

போன வாரம் தங்கப்பொண்ணு அக்கா கடைக்குப் போன் செய்தபோதே ஒரு விஷயம் சொல்ல நினைத்தேன். ஆனால் நீ, அம்மா, கடைக்காரி, சோடா குடிக்க வந்தவர்கள் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இங்கேயே தெரிந்தது. "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதற்குள் கார்டும் தீர்ந்துவிட்டது.

நான் ஒரு பரீட்சைக்குப் படிக்கிறேன். பி.எம்.பி. என்று பெயர். ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை நடத்தி முடிக்கத் தெரிந்தவன் என்று அமெரிக்காவில் ஒரு சங்கம் கொடுக்கிற சான்றிதழ். இங்கேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதலாம். இருநூறு கேள்வி. எங்கள் கம்பெனி புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டப் போகிறது. அதற்கு மேனேஜராக வருகிறவர் இந்தப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்போது நான் மற்றவர்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கிற பிளானிங் இன்ஜினியர். தேறினால் அந்த நாற்காலி எனக்கு என்று எங்கள் கம்பெனிப் பெரியவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். மேனேஜர் ஆனால் வருஷா வருஷம் ஊருக்கு வரலாம். டிசம்பரில் பரீட்சை, தையில் லீவு. இதுதான் திட்டம்.

இதில் உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. படித்ததை ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் புரியவைத்தால்தான் எனக்கே புரிகிறது. அறையில் இருக்கிற மூன்று பேரும் நான் வாயைத் திறந்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். ஆகவே நீதான் என் வகுப்பு. ஓடிப் போக முடியாது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். பதில் போடு.

உன் தம்பி,
பாண்டிராஜ்


டி. கல்லுப்பட்டி
1.9.2002

அன்புள்ள தம்பி பாண்டிராஜுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். தைல பாட்டில் நீ சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. மழை இல்லை. கிணற்றில் வாளியை விட்டால் சத்தம் மட்டும்தான் வருகிறது.

நீ பரீட்சைக்குப் படிப்பதை அம்மாவிடம் சொன்னேன். "இம்புட்டு வயசுக்கு மேலயும் பரீட்சையா? அவன் எப்பத்தான் படிச்சு முடிப்பான்?" என்றாள். பிறகு பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். பரீட்சையின் பெயர் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி.

வகுப்புக்கு நான் தயார். தல்லாகுளத்தில் வக்கீல் ஐயாவிடம் பகல் முழுக்க டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் உன் பாடத்தைப் படிப்பேன். உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்காதே, கிடைக்கும். நமக்கு முந்தின நிறுத்தத்தில் காலையில் ஏறுகிற ஒருவர் ஜன்னலோரச் சீட்டில் துண்டு போட்டு வைக்கிறார். நான் ஏறியதும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார். பழங்காநத்தத்தில் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலையாம். சாயங்காலமும் அப்படியே. இதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

முதல் பாடத்தை அனுப்பு. தூங்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கு.

அன்புடன்,
அக்கா முத்துமீனா


துபாய்
27.9.2002

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடி பத்திரமாக இருக்கிறது, நானும்தான். உங்கள் இருவரின் உடம்பையும் நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

பாடம் ஒன்று. வீட்டில் விருந்து. சோறு வடிக்க வேண்டும், குழம்பு வைக்க வேண்டும், அப்பளம் பொரிக்க வேண்டும். சோறு தாமதமானால் இலை போடுவது தாமதமாகும். அப்பளத்தை முதலில் பொரித்தாலும் ஒன்றுதான், கடைசியில் பொரித்தாலும் ஒன்றுதான். இலை போடும் நேரம் மாறாது. சோறு போகிற பாதைக்குப் பெயர் கிரிட்டிகல் பாத். அங்கே ஒரு நாள் பிசகினால் எல்லாமே பிசகும். அப்பளத்துக்குக் காத்திருக்க இடம் இருக்கிறதல்லவா, அதற்குப் பெயர் ஃப்ளோட். எதற்கு ஃப்ளோட் இருக்கிறது, எதற்கு இல்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பரீட்சை முடிந்த மாதிரி.

பாடம் இரண்டு. ஒரு வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கேற்பப் பேச்சு வழிகள் கூடும். நம் வீட்டில் மூன்று பேர். நான் உன்னோடு, நீ அம்மாவோடு, அம்மா என்னோடு. ஆக மூன்று வழி. ஆள் கூடக் கூட வழி மளமளவென்று பெருகிவிடும். பெரிய வேலைகள் கெட்டுப்போவது சிமெண்டாலும் கம்பியாலும் இல்லையாம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதால்தானாம். புத்தகத்தில் போட்டிருக்கிறது.

புரிந்ததா? புரியாவிட்டால் திட்டி எழுது.

உன் தம்பி,
பாண்டிராஜ்


டி. கல்லுப்பட்டி
20.10.2002

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் இருப்பதாகப் போனில் சொன்னாயே, விட்டதா? சுக்குப் பொடி அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டுக் குடி. இங்கே அம்மாவுக்குக் கால்வலி, எனக்கு வேலை. இரண்டும் வழக்கம்போல.

பாடம் புரிந்தது. வக்கீல் ஆபீசில் நான்தான் சோறு, குமாஸ்தா அப்பளம் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். இப்போது மாணவி கேட்கிறாள்: மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு நான்காவதாக ஓர் ஆள் வந்தால் எத்தனை வழி?

உடனே கணக்குப் போட உட்காராதே. மேலே படி.

துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார் என்று எழுதினேனே, அவர் பெயர் முத்திருளன். நம் ஆட்கள்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவும் சித்தப்பாவும் நம் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். அம்மா காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவர்கள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். அப்போதே எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது.

அவர் அப்பா கை கால் விழுந்து படுக்கையில் இருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் வருஷம் கழியாமல் நல்ல காரியம் செய்ய முடியாது. அதனால் தைக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். உன் லீவும் தையில்தானே, பொருத்தமாக இருக்கிறது. அய்யா இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் நீதான். நீ இல்லாமல் இந்தக் கல்யாணம் இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

உனக்குச் சம்மதமா என்று எழுது. படிப்பைக் கெடுத்துக்கொண்டு எழுத வேண்டாம், ஆற அமர எழுது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

அக்கா,
முத்துமீனா


துபாய்
15.11.2002

என் அருமை அக்காவுக்கு,

சுக்குப் பொடி வந்தது, இருமல் போனது. அதைவிடப் பெரிய மருந்து உன் கடிதம். அறையில் இருந்தவர்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பரீட்சையில் தேறிவிட்டேன் என்று நினைத்துக் கைகொடுத்தார்கள். அக்காவுக்குக் கல்யாணம் என்றேன், இன்னும் பலமாகக் கைகொடுத்தார்கள்.

சம்மதமா என்று என்னைக் கேட்கலாமா? உப்புக் காப்பி குடித்த குடும்பத்தை எப்படி விடுவது? இத்தனை வருஷம் என் படிப்பு, என் வேலை என்று உன் கல்யாணப் பேச்சைத் தள்ளிக்கொண்டே போனோம். அது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. மச்சானுக்கு நான்தான் மாலை போடுவேன். கையைப் பிடித்தால் மணவறை வரைக்கும் விடமாட்டேன் என்று சொல்லிவை.

உன் கேள்விக்கு விடை: நான்கு பேர் என்றால் ஆறு வழி.

நேற்று உன் கல்யாணத்தையே ஒரு பயிற்சிக் கணக்காக எடுத்துத் தாளில் வரைந்தேன். முதல் கட்டம் பரீட்சை, அடுத்தது லீவு, அதற்கடுத்தது கல்யாணம். பரீட்சைதான் சோறு, அதில் ஒரு நாளும் பிசகக் கூடாது. கல்யாணத்துக்கு ஃப்ளோட் இருக்கிறது. தை தவறினாலும் வைகாசி இருக்கிறதே. நீயே அவசரமில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆனால் தவறாது, பயப்படாதே.

நோன்பு மாதம் என்பதால் இப்போது வேலை நேரம் குறைவு. மத்தியானமே அறைக்கு வந்து படிக்கிறேன். அம்மா சாப்பிட்டாளா என்று தினமும் நான் கேட்டதாக நினைத்துக்கொண்டு நீ கேள்.

உன் தம்பி,
பாண்டிராஜ்


துபாய்
27.12.2002

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பரீட்சைத் தேதி தள்ளிப் போய்விட்டது. பங்குனிக் கடைசியில் எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. அதுவரை அந்த மேனேஜர் இடத்தை எனக்காக வைத்திருப்பதாகப் பெரியவர் சொல்கிறார், ஆனால் நடுவில் லீவு கேட்கக் கூடாதாம். கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எனவே தையில் வர முடியாது.

மச்சான் வீட்டில் வைகாசி வரை பொறுக்கச் சொல். நல்ல மனிதர்கள் என்று எழுதியிருந்தாய், பொறுப்பார்கள். அவர் அப்பாவுக்கும் ஒன்றும் ஆகாது.

வேறு விசேஷம் இல்லை. இந்தத் தடவை பாடம் எதுவும் இல்லை.

பாண்டிராஜ்


டி. கல்லுப்பட்டி
10.1.2003

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. அம்மா நன்றாக இருக்கிறாள். நானும்.

உன் கடிதம் வந்தது. தேதி தள்ளிப் போனால் நீ என்ன செய்வாய்? அவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

மாணவிக்கு ஒரே ஒரு சந்தேகம். எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று தாளில் வரைகிறவர்தான் முடிவு செய்வாரா? இல்லை, காத்திருக்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்பார்களா? பொரித்து வைத்த அப்பளம் நமத்துப் போகும் என்று உன் புத்தகத்தில் எங்காவது போட்டிருக்கிறதா?

கோபமாக எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. சும்மா கேட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


டி. கல்லுப்பட்டி
17.1.2003

ஏய்யா பாண்டி, நல்லா இருக்கியாய்யா? ஒங்க அம்மா மலையம்மா சொல்லச் சொல்ல நம்ம கடைக்காரி தங்கப்பொண்ணு எழுதுறா. எப்பவும் ஒங்க அக்காதான் எழுதுவா. இத அவகிட்டச் சொன்னா எழுத மாட்டா. அதான் அவ வேலைக்குப் போன பெறகு கடைக்கு வந்து ஒக்காந்திருக்கேன்.

பொங்கலன்னிக்கு மாப்பிள்ளையோட ஆத்தாளும் சித்தப்பனும் வந்தாக. வைகாசி வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். மனுசன் கொரலே அடங்கிப் போச்சாம், மருமக மொகத்தப் பாத்துட்டுக் கண்ண மூடணும்னு சைகையில கேக்குறாராம். தை கடைசி முகூர்த்தத்துக்குள்ள முடிக்கணும், இல்லாட்டி வேற எடம் பாக்க வேண்டியதுதான்னு அந்தப் பொம்பள அழுதுக்கிட்டே சொன்னா. அவளையும் குத்தஞ் சொல்ல முடியல.

ஒங்க அக்கா அவுகளுக்குக் காப்பி போட்டுக் குடுத்து அனுப்பி வச்சா. அவுக போன பெறகு அடுப்படியில போயி ஒக்காந்துக்கிட்டா. நான் போயிப் பாத்தா, ஒன்னோட காயிதத்தையெல்லாம் வரிசையா வச்சுக்கிட்டு அழுகுறா. எம்புட்டு வருசமாச்சு அவ அழுது. அய்யா செத்தப்பக்கூட என்னையத் தேத்துனாளே ஒழிய அவ அழுகலையேய்யா.

அந்தப் பரீட்சை எங்க போயிரப் போகுது? நாலு நாளு லீவு கேட்டு ஓடியா. தாலி ஏறுனதும் மறுநாளே நீ கெளம்பிப் போ, நான் தடுக்க மாட்டேன். அவளுக்குன்னு வந்த ஒத்த நல்லதும் கையவிட்டுப் போயிரும்போல இருக்கு.

ஒடம்பப் பாத்துக்கய்யா. சாமி தொண இருக்கும்.

அம்மா மலையம்மா சொல்ல எழுதியது,
தங்கப்பொண்ணு


துபாய்
29.1.2003

மதிப்பிற்குரிய தங்கப்பொண்ணு அக்காவுக்கு,

பாண்டிராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இதை அம்மாவுக்கு மட்டும் படித்துக் காட்டுங்கள். அக்கா இருக்கும்போது வேண்டாம்.

அம்மா, உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நடந்தது ஒன்று, நான் எழுதியது ஒன்று. பரீட்சைத் தேதி தள்ளிப் போகவில்லை. நான் டிசம்பரில் எழுதினேன், தேறவில்லை. கடைசிக் கேள்வியை முடித்ததும் கம்ப்யூட்டரே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. வெளியே வந்து எந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்றுகூடத் தெரியவில்லை.

இன்னொரு முறை எழுதலாம். பெரியவர் அதுவரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது கிளம்பினால் நாற்காலி போய்விடும், அது போனாலும் போகட்டும். தோற்றுவிட்டு எந்த முகத்தோடு வந்து மாப்பிள்ளை கையைப் பிடிப்பேன்? ஊரெல்லாம் நீ சொல்லி வைத்திருக்கிறாய். அக்கா ஒவ்வொரு பாடத்தையும் பஸ்ஸில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து படித்தாள். நான் தோற்றேன் என்று தெரிந்தால் தான் தோற்ற மாதிரி உடைந்து போவாள். என்னால் அது முடியாது அம்மா.

பங்குனியில் கட்டாயம் தேறிவிடுவேன். வைகாசியில் தலை நிமிர்ந்து வருவேன். அதுவரை எப்படியாவது அவர்களைப் பிடித்து நிறுத்து. நான் தோற்றதை அக்காவிடம் சொல்லக் கூடாது. சொன்னால் என் மேல் ஆணை.

உன் மகன்,
பாண்டிராஜ்


டி. கல்லுப்பட்டி
2.3.2003

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. உங்கள் பக்கத்தில் சண்டை மூளப் போகிறது என்று பேப்பரில் தினமும் போடுகிறான். அம்மா பேப்பர்க்காரரைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறாள். ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்குவதில்லை. உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். போன் செய்யும்போது சத்தமாகப் பேசி அவளுக்குத் தைரியம் சொல்.

அவர்கள் வீட்டில் பேசியாகிவிட்டது. நீ அதைப் பற்றி மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் படி. இப்போதெல்லாம் நான் ஒரு பஸ் முன்னதாகவே போய்விடுகிறேன். கூட்டம்தான், நின்றுகொண்டே போவேன். உன் பழைய பாடங்களை இன்னொரு தடவை படித்தேன், எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் முதலில் கண்ணுக்கு ஓய்வு கொடு.

அக்கா,
முத்துமீனா


துபாய்
11.4.2003

அக்கா! அக்கா! அக்கா!

தேறிவிட்டேன். திரையில் அந்த வார்த்தை வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. காவலுக்கு இருந்த அம்மாள் வந்து தண்ணீர் கொடுத்தார்கள். என் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து வந்துவிட்டது. அதில் ஓர் எழுத்து உன்னுடையது.

ஆஸ்பத்திரி வேலைக்கு நான்தான் மேனேஜர், உத்தரவு கையில் இருக்கிறது. வைகாசி முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அடுத்து வருகிற எந்த முகூர்த்தமானாலும் சரி என்று மச்சான் வீட்டில் சொல். அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன். மாலை போட்ட கையோடு கட்டிவிடுவேன். கறுப்புப் பட்டையா, வெள்ளிப் பட்டையா என்று கடையில் வெகுநேரம் நின்றேன். வெள்ளிதான். உனக்குப் பட்டுப்புடவை மதுரையிலேயே எடுத்துக்கொள்ளலாம், நீ பார்த்து எடுப்பது மாதிரி எனக்கு வராது.

பார்த்தாயா, ஃப்ளோட் இருக்கிறது என்று சொன்னேனே! அம்மாவிடம் சொல், இனிமேல் அவள் ஊரெல்லாம் சொல்லலாம். மச்சானின் அப்பா எப்படி இருக்கிறார்? உடனே பதில் போடு.

உன் தம்பி,
பாண்டிராஜ், மேனேஜர்


டி. கல்லுப்பட்டி
4.5.2003

என் அன்புத் தம்பி பாண்டிராஜுக்கு,

நீ தேறியதைப் படித்து அம்மாவும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். சந்தோஷத்துக்குத்தான் முதலில் அழுதோம். வெயிலில் அலையாதே. பதவி வந்துவிட்டது என்று சாப்பாட்டை விட்டுவிடாதே.

பதில் எழுத நாளாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவருக்குத் தை கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் உசிலம்பட்டிப் பக்கம். பத்திரிகை வைத்தார்கள், நானும் அம்மாவும் போனோம். அவர் அப்பாவை நாற்காலியில் தூக்கி வந்து முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். மாசி பாதியில் அவர் அப்பா தவறிவிட்டார். மருமகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதனால் அவர்கள் அவசரப்பட்டது தப்பில்லை, யாரையும் திட்டாதே.

அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் தம்பி அவருக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனான். பாலிடெக்னிக்கில் ஏதோ பாதியில் நிற்கிறானாம், அரியர் இருக்கிறதாம். அதையெல்லாம் அங்கே யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தான், அவ்வளவுதான்.

உன்னிடம் நானும் ஒன்றை மறைத்தேன். தை பிறந்த பிறகு ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் என்னிடம், "ஒங்க பெரியப்பா மகன் சுடலைய நிறுத்திக் கல்யாணத்த முடிச்சிருவோம். தம்பி வந்த பெறகு நானே அவர் கையப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். நான் மாட்டேன் என்றேன். பரீட்சையைத் தள்ளிப் போட்டது யாரோ, அதற்கு நீ என்ன செய்வாய், உன் இடத்தில் இன்னோர் ஆளை நிறுத்தினால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீ தேறிய கடிதம் வந்த அன்றைக்குத்தான் அம்மா வாயைத் திறந்தாள். நீ டிசம்பரில் தேறாமல் போனது அவளுக்குத் தையிலேயே தெரியும். உன் மேல் ஆணை என்று எழுதிவிட்டாய். நீ கடல் கடந்து இருக்கிறாய், சண்டை வேறு. ஆணையை மீறினால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இத்தனை நாளும் பயத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் என்னிடம் சொல்லாமல் கிடந்திருக்கிறாள். "ஒன் வாழ்க்கையும் தெரியுது, அவன் உசுரும் தெரியுது, நான் என்னடி செய்வேன்?" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? தோற்றுப் போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறானே என்று உடனே கிளம்பி வரச் சொல்லியிருப்பேன். வர முகமில்லை என்று நீ மறுத்திருந்தால், அவன் அழுது தீரட்டும், நாம் சுடலையை நிறுத்துவோம் என்று அவரிடம் சொல்லியிருப்பேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் உன் அக்கா இன்றைக்கு அந்த வீட்டில் இருந்திருப்பாள். மாப்பிள்ளை கையைப் பிடிக்கத் தேறிய கைதான் வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது பாண்டி? பேச்சு வழிகளைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவன் நீதானே!

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னைவிட என் மேல் அதிகமாக இருக்கிறது. அவசரமில்லை என்று எழுதியவள் நான்தான். அவசரமாகத்தான் இருந்தது. அந்தத் துண்டு கிடக்கிற சீட்டைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அவசரமாகத்தான் இருந்தது.

போகட்டும். டிக்கெட்டை மட்டும் மாற்றிவிடாதே. முகத்தைக் காட்ட முடியாது என்று இந்தத் தடவையும் அங்கேயே உட்கார்ந்துவிடாதே. அம்மா இப்போது பாதியாக இருக்கிறாள், உன்னைப் பார்த்தால்தான் தேறுவாள். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், நீயே கட்டிக்கொள். நீ வருகிற அன்றைக்கு நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன். நீ தலையைக் குனிந்துகொண்டுதான் இறங்குவாய், எனக்குத் தெரியும். உன் கையைப் பிடித்து வீட்டுக்கு நான் அழைத்து வருகிறேன்.

உன் அக்கா,
முத்துமீனா